லெதர் சோபா ஏன் உரிகிறது?

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழுப்பு நிற சோபா. உட்காரும் இடத்தில் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் வெள்ளைத் துணி தெரிகிறது. கூடவே ஒரு புலம்பல்: "வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது. 85,000 ரூபாய். லெதர்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. இப்போ கேட்டா நீங்க சரியா மெயின்டெயின் பண்ணலைங்கறாங்க. லெதர் ஏண்டா இப்படி உரியுது?"

பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. வெள்ளைத் துணி. மாட்டுக்குத் தோலுக்கு அடியில் துணி கிடையாது.

உண்மையான தோலுக்கு வயதாகும். சுருங்கும், காய்ந்தால் வெடிக்கும், நிறம் மங்கும். ஆனால் வெயிலில் கொப்பளித்த பெயின்ட் மாதிரி ஏடு ஏடாகக் கையோடு வராது. அப்படி வந்தால் உரிவது தோல் இல்லை, தோல் மாதிரி தெரிவதற்காகத் துணியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் ஏடு.

நான் தோல் துறைக்காரன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வீட்டுக்கும் ஒரு சோபா வாங்க வேண்டியிருக்கிறது என்பதால் சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்ததையும், கடை கடையாக ஏறி இறங்கிக் கிளறிப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில், வயதானவர்களும் குழந்தைகளும் புழங்கும் வீட்டை மனதில் வைத்து எழுதியது. ஊட்டியில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

தோலின் குறுக்குவெட்டு

மாட்டுத்தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. முடி இருந்த மேல்பக்கத்தில் கொலாஜன் இழைகள் மிக நுண்ணியதாக, நெருக்கமாகப் பின்னியிருக்கும். இதைத்தான் கிரெயின் என்கிறார்கள். கீழே போகப் போக இழைகள் தடித்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நாலா பக்கமும் ஓடும். மேல் அடுக்கு வழவழப்பையும் தேய்மானம் தாங்கும் தன்மையையும் தருகிறது, கீழ் அடுக்கு இழுவிசையைத் தாங்குகிறது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருப்பதால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

முழுத்தோலின் தடிமன் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். சோபாவுக்குத் தேவை 1 அல்லது 1.2 மில்லிமீட்டர்தான். அதனால் டேனரியில் தோலை மெஷினில் கொடுத்து, தடிமனான ரொட்டியைக் கிடையாகக் கத்தியால் சீவுவது போல இரண்டு மூன்று ஏடாகப் பிரித்துவிடுவார்கள். கிரெயின் இருக்கும் மேல் ஏடு விலை உயர்ந்தது. கீழே கிடைப்பதற்கு ஸ்பிளிட் என்று பெயர். அதில் கிரெயின் கிடையாது, இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும்.

பதனிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க் கதை அதில் இருக்கிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதிலுள்ள கொலாஜன் இழைகளை ஏதாவது ஒன்று குறுக்கே பிணைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குக் காலம் காலமாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. அப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் சென்னையிலிருந்து கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோமிய உப்பால் பதனிடும் முறையை முன்னெடுத்தார். தினமும் மின்சார ரயிலில் கடந்து போகிறோமே குரோம்பேட்டை, அந்தப் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

குரோம் தோல் மென்மையானது, துவண்டு கொடுப்பது, சூடு தாங்குவது. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. அது பெல்ட்டுக்கும் செருப்புக்கும் நல்லது. உலகத்தில் விற்கும் சோபாத் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான். கடையில் யாராவது 'வெஜிடபிள் டேன்டு' என்று சோபாவைக் காட்டினால் இன்னொரு முறை கேளுங்கள்.

ஒரே பெயரில் ஐந்தாறு பொருள்

கிரெயினைத் தொடாமல் அப்படியே விட்டால் ஃபுல் கிரெயின். பூச்சிக்கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு எல்லாம் அதில் தெரியும். அந்தத் தழும்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே நிறமி பூசி, சூடான தகட்டால் செயற்கையாக ஒரு தோல் வடிவத்தை அழுத்தி எடுத்தால் கரெக்டட் கிரெயின். கொஞ்சம் உயிர் போன மாதிரி இருக்கும், ஆனால் இதுவும் உண்மையான கிரெயின் தோல்தான், உழைக்கும்.

அடுத்தது ஸ்பிளிட்டின் மேல் கனமான பாலியூரிதேன் ஏடு ஒட்டியது. பின்பக்கம் பார்த்தால் தோல், கைபடும் பக்கம் பிளாஸ்டிக். அதற்கும் கீழே பாண்டட் லெதர். தோல் கழிவை அரைத்துத் தூளாக்கி, பசையோடு கலந்து தகடாக்கி, துணியில் ஒட்டி, மேலே பாலியூரிதேன் பூசுவது. பலாப்பழச் சுவை சேர்த்த மிட்டாயில் எவ்வளவு பலாப்பழம் இருக்குமோ அவ்வளவு தோல் அதில் இருக்கலாம். இன்னும் கீழே, தோலே இல்லாமல் துணி மேல் பாலியூரிதேன் பூசியது. இதைத்தான் 'பி.யு. லெதர்', 'லெதரெட்', 'வீகன் லெதர்' என்று விதவிதமாகச் சொல்கிறார்கள்.

ரெக்ஸின் தனி ஜாதி. அந்தப் பெயர் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப்பெயர். அவர்கள் துணி மேல் பூசியது செல்லுலோஸ் நைட்ரேட். இன்று நாம் ரெக்ஸின் என்று சொல்வது பி.வி.சி. பூசிய துணி. ஆட்டோ சீட்டில் இருப்பது அதுதான்.

'ஜெனூன் லெதர்' என்பது மட்டமான ஒரு கிரேடின் பெயர் என்று இணையத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது கிரேடே இல்லை. பொருள் விலங்குத் தோல் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு எந்தத் தகவலும் கிடையாது. கிரெயினா ஸ்பிளிட்டா, பூச்சு எவ்வளவு என்று எதுவும் அது சொல்லாது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 15987 இந்த விஷயத்தில் கறாரானது. மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் வெறுமனே 'தோல்' என்று சொல்லலாம். அதற்கு மேல் போனால் 'பூச்சிட்ட தோல்'. அரைத்து ஒட்டியதைத் தோல் என்றே அழைக்கக் கூடாது. கடையில் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். "இது லெதரா?" என்று கேட்டால் "பியூர் லெதர் சார்" என்று பதில் வரும். "மேல கிரெயினா, ஸ்பிளிட்ல பி.யு. கோட்டிங்கா?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் உள்ளே போய் யாரையாவது கேட்டுவிட்டு வருவார். விவரம் தெரிந்த ஆளிடமிருந்து வரும் பதில் நமக்கு உபயோகமாக இருக்கும்.

ஈரக்காற்று செய்யும் வேலை

இப்போது உரியும் கதைக்கு வருவோம். நல்ல ஷூ ஒன்றை விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பெட்டியில் வைத்துவிட்டு, மூன்று நான்கு வருடம் கழித்து எடுத்துப் போட்டால், பத்தடி நடப்பதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நிறையப் பேர் வீட்டில் நடந்திருக்கும். "போடாமலே வச்சிருந்தேனே, எப்படிக் கெட்டுது?"

சோபா உரிவதும் அதே வேதியியல்தான். பாலியூரிதேனில் பல வகை. விலை மலிவான, நல்ல பளபளப்புத் தரும் வகையில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். எஸ்டர் என்பது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளி உண்டாவது. எதிர்த்திசையிலும் அதே கதவு திறக்கும். காற்றிலுள்ள ஈரம் ஏட்டுக்குள் போய், வருடக்கணக்கில் பிணைப்பு பிணைப்பாக வெட்டுகிறது. இதற்குப் பெயர் ஹைட்ராலிசிஸ், நீராற்பகுப்பு. ஒவ்வொரு வெட்டிலும் அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. அதனால்தான் மூன்று வருடம் ஒன்றுமே தெரியாது, பிறகு மூன்று மாதத்தில் மொத்தமும் உரிந்து தரையில் கிடக்கும். மெமரி லீக் உள்ள சர்வர் மாதிரி. கடைசி நாள் வரை எல்லாம் பச்சை விளக்கு.

சென்னையில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. குளிரான, உலர்ந்த ஊரில் ஏழெட்டு வருடம் தாங்கும் அதே ஏடு இங்கே பாதியிலேயே போய்விடுவதில் ஆச்சரியமில்லை. விருந்தினர் அறையில் யாருமே உட்காராத சோபாவும் உரிகிறது என்றால் காரணம் இதுதான். நண்பரின் கடைக்காரர் சொன்ன மெயின்டெனன்ஸ் கதைக்கு இங்கே இடமே இல்லை. எத்தனை முறை துடைத்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க முடியாது.

கடைகளில் "50,000 ரப் டெஸ்ட் பாஸ் ஆனது" என்று ஒரு எண் காட்டுவார்கள். மார்ட்டின்டேல் என்ற உரசல் சோதனை அது. பொய்யில்லை. ஆனால் புது மாதிரியை எடுத்து, சில நாட்களில் ஐம்பதாயிரம் முறை உரசிப் பார்க்கிற சோதனை. நம் ஊரில் இந்த ஏடு சாவது உரசலால் இல்லை, ஈரத்தால். எங்கள் தொழிலில் தவறான பெஞ்ச்மார்க்கில் ஜெயிப்பது என்று ஒன்று உண்டு, இது அதுதான். செயற்கைத் தோலே வாங்குவதாக இருந்தால் கேட்க வேண்டியது ஹைட்ராலிசிஸ் சோதனையை. 70 டிகிரி வெப்பம், 95 சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அதைத் தாங்கும் வகை பாலிகார்பனேட் அடிப்படையிலான பாலியூரிதேன். விலை கூட. அந்த விலை கொடுக்க மனமில்லை என்றால் என் யோசனை, நல்ல துணி சோபா வாங்குங்கள். மலிவான பி.யு.வைவிட நல்ல ரெக்ஸினே கூட இந்த ஈரத்தில் நன்றாக உழைக்கும். அதன் நோய் வேறு: மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்ல வெளியேறி, விறைத்து வெடிக்கும். வெயிலில் நிற்கும் ஆட்டோவின் சீட்டைப் பார்த்தாலே தெரியும்.

உண்மைத் தோலிலும் பூச்சுதான் முக்கியம்

சரி, கிரெயின் தோலே வாங்குகிறோம். அங்கேயும் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் பாலியூரிதேன் இருக்கும். அப்படியென்றால் அதுவும் உரியாதா?

சாதாரண நிறமிப் பூச்சின் மொத்தத் தடிமன் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அடிப்பூச்சு, நிறமி, மேலே காப்புப்பூச்சு என்று மெல்லிய மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்கிறார்கள். முதல் அடுக்கு கிரெயினின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. தனி ஏடாகப் பிரிவதற்கு அதற்கு உடம்பே போதாது. வயதானால் தேயும், மங்கும். தேய்ந்த இடத்தில் அடியில் தெரிவது தோல். கார் சீட் வேலை செய்பவர்களிடம் கொடுத்தால் சுத்தம் செய்து மறுபடி நிறம் தெளித்துக் கொடுப்பார்கள். உரிந்த பி.யு. சோபாவுக்கு அந்த வைத்தியம் கிடையாது. முழு உறையையும் மாற்ற வேண்டும், அதன் செலவைக் கேட்டால் புது சோபாவே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

பூச்சில் மூன்று வகை சொல்வார்கள். அனிலின் என்றால் சாயம் மட்டும், பூச்சு இல்லை அல்லது பெயருக்குக் கொஞ்சம். தொட்டால் தொட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். வியர்வையிலும் பிசுபிசுக்காது. ஆனால் ஒரு சொட்டு ரசம் விழுந்தால் ஆயுளுக்கும் தடம். அடுத்து செமி அனிலின், சாயத்தின் மேல் மெல்லிய நிறமிப் பூச்சு. கடைசியில் பிக்மென்டட், முழு நிறமிப் பூச்சு. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உயர்ந்த விலை என்பதால் அனிலின்தான் சிறந்தது என்று விற்பவர் சொல்வார். வீட்டில் யாரும் சாப்பிடாத, தலைக்கு எண்ணெய் வைக்காத, குழந்தை இல்லாத வரவேற்பறைக்கு அது சிறந்தது. நம் வீட்டுக்கு பிக்மென்டட்தான். கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் செமி அனிலின். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் குஷனின் ஜிப்பைத் திறந்து உறையின் உள்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அத்தோடு முடிந்தது, அது பி.யு. அல்லது பாண்டட். தோல் இழை தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஸ்பிளிட்டுக்கும் உள்பக்கம் அப்படித்தான் இருக்கும். இணையத்தில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்பிளிட்டா கிரெயினா என்று பார்க்க, வெட்டிய ஓரம் ஒன்றைக் கண்டுபிடித்து மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே கேக்கின் ஐசிங் போல தனியாக ஒரு பிளாஸ்டிக் அடுக்குக் கோடு தெரிந்தால் பூச்சிட்ட ஸ்பிளிட். கிரெயின் தோலில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல கிரெயினில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஒழுங்கில்லாமல் பரவும். பிளாஸ்டிக் ஏடு வெறுமனே குழியும். மேற்பரப்பின் வடிவத்தையும் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரே புள்ளிக்கூட்டம் கொஞ்ச தூரத்தில் அச்சு அசலாகத் திரும்ப வந்தால் அது தகடு அழுத்தியது. அனிலினா என்று தெரிய, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சாம்பிள் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உறிஞ்சிக் கருத்தால் அனிலின், முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. நெருப்பு வைத்து முகரும் சோதனை எல்லாம் யூடியூபுக்கு நல்லது. ஷோரூமில் வேண்டாம்.

குஷன்: டென்சிட்டி வேறு, கடினம் வேறு

"40 டென்சிட்டி சார், ஹார்டா இருக்கும்." இந்த ஒரே வாக்கியத்தைக் குறைந்தது ஆறு கடையில் கேட்டேன். ஆறிலும் தவறு.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது உழைப்பைப் பற்றிச் சொல்கிறது. எடை கூடினால் குமிழ்ச்சுவர்களில் பொருள் அதிகம், சீக்கிரம் அமுங்கிப் போகாது. கடினம் தனிக் கணக்கு. ஒரு வட்டத் தகட்டால் ஃபோமை அழுத்தி, இத்தனை சதவீதம் அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் செய்யலாம், 23 டென்சிட்டியில் கல் மாதிரியும் செய்யலாம். அந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. கடையில் உட்கார்ந்தால் நன்றாக நிமிர்ந்து நிற்கும், ஒரு வருடத்தில் குழி விழும்.

சுகம் என்பதற்கு நெருக்கமாக வரும் எண் வேறு ஒன்று உண்டு. 65 சதவீதம் அமுக்கத் தேவையான விசையை 25 சதவீதத்துக்குத் தேவையான விசையால் வகுப்பது. இந்த விகிதம் அதிகமாக இருந்தால் உட்காரும்போது மென்மையாக ஏற்றுக்கொண்டு, உள்ளே போகப் போக எதிர்த்துத் தாங்கும். சாதாரண ஃபோமில் இது 2-க்குக் கொஞ்சம் கீழே. எச்.ஆர். ஃபோமில் 2.5-ஐ ஒட்டி வரும். அதனால்தான் எச்.ஆர். விலை கூட. குறைந்த விகித ஃபோமில் உட்கார்ந்தால் 'தொப்'பென்று பலகையில் போய் முட்டும்.

கடைக்காரர் சொல்லும் டென்சிட்டியைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சாம்பிள் ஃபோமை 10 சென்டிமீட்டர் கனசதுரமாக வெட்டித் தரச் சொல்லி, சமையலறைத் தராசில் வையுங்கள். அது சரியாக ஒரு லிட்டர். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் டென்சிட்டி. 40 என்று சொன்னது 28 கிராம் காட்டினால் பேச்சு முடிந்தது. ஒரு எச்சரிக்கை. எடையைக் கூட்டுவதற்காகச் சுண்ணாம்புக்கல் தூள் கலப்பதும் உண்டு. அந்த ஃபோமின் ஓரத்தைப் பிய்த்தால் நன்றாக இழுபடாமல் சட்டென்று உதிர்ந்து வரும். துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோமும் 80, 100 என்று பெரிய எண் காட்டும். அது அடிப்பலகைக்குச் சரி, நாம் உட்காரும் இடத்துக்கு இல்லை.

தோல் சோபாவில் கூடுதலாக இரண்டு விஷயம். ஒன்று, துணி மாதிரி தோல் காற்றை விடாது. உட்கார்ந்ததும் ஃபோமில் உள்ள காற்று எங்கேயாவது வெளியேற வேண்டும். குஷனின் அடிப்பக்கம் துணியோ வலையோ வைத்துத் தைத்திருந்தால் நல்ல வேலை. நாலு பக்கமும் தோலாலேயே மூடியிருந்தால் ஒவ்வொரு முறையும் தையல் வழியாகக் காற்று 'புஸ்' என்று பீறிடும், கொஞ்ச நாளில் தையலே விடும். 'அடியில துணி போட்டு ஏமாத்திட்டான்' என்று சிலர் நினைக்கிறார்கள். ஏமாற்று இல்லை.

இரண்டு, தோல் இழுபட்டால் முழுசாகத் திரும்பி வராது. ஃபோமும் நாள்பட இளகும். இரண்டும் சேர்ந்தால் உட்காரும் இடத்தில் தோல் தொளதொளவென்று குளம் கட்டும். கடையில் முதல் இரண்டு நிமிடம் சொர்க்கமாகத் தோன்றும் மிக மென்மையான சோபாக்களுக்குத்தான் இந்த வியாதி சீக்கிரம் வருகிறது. நான் பார்த்ததில் சரியாகப் பட்ட அமைப்பு: நடுவில் நாலைந்து அங்குலம் 40 டென்சிட்டி எச்.ஆர்., அதன் மேல் ஓர் அங்குலம் மென்மையான ஃபோம், எல்லாவற்றையும் சுற்றி பாலியஸ்டர் பஞ்சு.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஃபோமைவிட அளவுகள் முக்கியம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதில் எனக்குப் புரிந்தது இது. இறக்குமதி டிசைன்களில் இருக்கை ஆழம் 60 சென்டிமீட்டர் வரை போகிறது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அம்மாவின் கால் தரையில் படவில்லை. கால் பட உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணைக்கு இடம் இருந்தது. "இதுல உக்காந்தா நாலு பேரு வந்து தூக்கணும்டா" என்றார். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, முழங்கால் மடிப்புக்கும் சோபா விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். எழுந்திருக்கும்போது கைப்பிடியை ஊன்ற முடிய வேண்டும். உட்காருமிடத்தின் முன்விளிம்பு அமுங்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களை வீட்டில் விட்டுவிட்டு சோபா வாங்கப் போகாதீர்கள். கடையில் இருபது நிமிடமாவது உட்காருங்கள். யாரும் துரத்த மாட்டார்கள், காபிகூடத் தருவார்கள்.

சட்டம், ஸ்பிரிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்பக்க ஒரு காலை அரையடி தூக்குங்கள். பக்கத்துக் காலும் கூடவே எழுந்தால் சட்டம் உறுதி. சோபாவைச் சாய்த்து அடித்துணியின் ஓரத்தைத் திறந்து காட்டச் சொன்னால் வளைவு ஸ்பிரிங்கா, எலாஸ்டிக் பட்டையா என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங் இருந்தால் நல்லது.

பில்லில் என்ன எழுத வேண்டும்

'இத்தாலியன் லெதர்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். வெனிஸுக்கு மேற்கே அர்ட்சிஞ்ஞானோ என்ற ஊரில் சோபாத் தோல் உலகத்தரமாகப் பதனிடுகிறார்கள், உண்மைதான். அதற்காக இங்கே அந்த ஸ்டிக்கர் ஒட்டிய எல்லாமே அங்கிருந்து வந்ததாகாது. அந்த இத்தாலி 2020-ல் ஒரு சட்ட ஆணையே போட்டது, விலங்குத் தோல் அல்லாத எதற்கும் தோல் என்ற சொல்லை முன்னொட்டு பின்னொட்டு சேர்த்துக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று. நம் ஊரில் எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது.

'லெதர் மேட்ச்' என்று ஒரு முறை உண்டு. உடம்பு படும் இடங்களில் தோல், பின்புறமும் பக்கவாட்டிலும் அதே நிறத்தில் செயற்கைப் பொருள். மூன்று பேர் உட்காரும் சோபாவை முழுக்கத் தோலால் போர்த்த நாலைந்து மாட்டுத்தோல் வேண்டியிருக்கும் என்பதால், விலை குறைக்க இது நியாயமான வழி. சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. ஆனால் அந்தச் செயற்கைப் பகுதிக்கும் மேலே சொன்ன ஹைட்ராலிசிஸ் உண்டு. தோல் நன்றாக இருக்கும்போதே முதுகுப்புறம் உரிய ஆரம்பிக்கும். பின்பக்கத்துக்கு பி.வி.சி. போடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆகவே பில்லில் வெறும் "3 சீட்டர் லெதர் சோபா" என்று இருக்க விடாதீர்கள். உட்காரும் பகுதி கிரெயின் தோல், பிக்மென்டட், பக்கவாட்டும் பின்புறமும் இன்ன பொருள், ஃபோம் எச்.ஆர். 40 என்று எழுதி வாங்குங்கள். வாரண்டி அட்டையில் 'பீலிங்' விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நண்பரின் அட்டையில் ஐந்து வருட வாரண்டி பெரிய எழுத்தில், அது சட்டத்துக்கு மட்டும் என்பது பொடி எழுத்தில் இருந்தது. இதையெல்லாம் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல். எழுத்தில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் பேசுவதற்கு நமக்கு ஒரு வாய் இருக்கும்.

உடம்பும் பாலாறும்

2007, 2008 வாக்கில் பிரிட்டனில் புதுத் தோல் சோபா வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தோலில் எரிச்சலும் கொப்புளமும் வந்தன. சீனாவிலிருந்து கப்பலில் வரும்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க, சோபாவுக்குள் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மருந்துப் பொட்டலங்களை வைத்திருந்தார்கள். அது சூட்டில் ஆவியாகி, தோல் வழியாக ஊறி, உட்கார்ந்தவர்களின் துணியையும் தாண்டியிருக்கிறது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பொருள் உள்ள சரக்கைத் தடை செய்தது. புது சோபாவுக்குள் பெயர் அச்சிடாத பொட்டலம் இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், சிலிக்கா ஜெல்லாகவே இருந்தாலும் நஷ்டமில்லை.

குரோமியம் பற்றியும் பயம் உண்டு. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், அது பெரிய தொந்தரவில்லை. பதனிடுவதில் கவனம் தவறினால் ஆறு இணைதிறன் வடிவம் உண்டாகலாம், அதுதான் ஒவ்வாமை தருவது. ஐரோப்பாவில் 2015 மே முதல் சருமத்தில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏற்றுமதி செய்யும் டேனரிகளிடம் இந்தச் சோதனைச் சான்று இருக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

சருமத்தைவிடப் பெரிய கணக்கு பாலாற்றில் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிணறுகள் கெட்ட கதைதான் 1996-ல் உச்ச நீதிமன்றத்தின் வேலூர் குடிமக்கள் வழக்காக வந்தது. 'மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. இதற்காகத் தோலே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக நாலு வருடத்தில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் சோபாவை வாங்கிவிட்டு அதை சுற்றுச்சூழல் முடிவு என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. தேக்குச் சட்டமும் பருத்தி உறையும் அதைவிட நேர்மையான பதில்.

பராமரிப்பு

பூச்சுள்ள தோலுக்கு வாரம் ஒரு முறை ஈரம் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவே. தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். 'லெதர் கண்டிஷனர்' என்று விற்பது பூச்சைத் தாண்டி உள்ளே போவதே கஷ்டம். அனிலினுக்கு வேண்டுமானால் பிரயோஜனம். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட்டால் பின்புறம் பூஞ்சை பிடிக்காது.

பூச்சுக்கு முதல் எதிரி தலை சாயும் இடத்து எண்ணெயும் வியர்வையும்தான். கொழுப்பு அமிலங்கள் ஊறி ஊறிப் பூச்சை இளக்கிவிடும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு நிறம் கையோடு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆண்கள் மக்காசர் எண்ணெய் என்று ஒன்றைத் தலையில் அப்பிக்கொண்டிருந்தார்கள். இன்றைய இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் இருக்கும் துறைமுகத்தின் பெயர் அது. நாற்காலிகள் பாழானதால் வீட்டுப் பெண்கள் தலைமாட்டில் ஒரு சின்னத் துணியைப் போட ஆரம்பித்தார்கள். அதற்கு ஆன்டிமக்காசர் என்றே பெயர். நம் வீடுகளில் பழைய நாற்காலி முதுகில் குரோஷா பின்னல் துணி போட்டிருப்பார்களே, அதேதான். ஒரு லட்ச ரூபாய் சோபாவின் தலைமாட்டில் ஈரோட்டுத் துண்டைப் போட்டால் அழகு கெட்டுவிடும் என்று வீட்டில் எதிர்ப்பு வரும். சோபாவின் நிறத்திலேயே இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று துவைக்கப் போகும்போது இன்னொன்று வேண்டும்.